பிஸ்கட்டின் ஓடு கெட்டியான கதை

ஒரு சனிக்கிழமை காலை, என் கணவர் ஆமைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் அதன் ஓடு அமுங்கியது.

சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டில் சனிக்கிழமை என்றால் எண்ணெய்தான். ஈரோட்டிலிருந்து கிளம்பி அமெரிக்காவில் டெக்சாஸின் ஆலன் ஊருக்கு வந்து சேர்ந்து இத்தனை வருடம் ஆகியும் குமரேசன் அந்தக் குளியலை ஒரு வாரம்கூட விட்டதில்லை. தனக்குத் தேய்த்ததுபோக உள்ளங்கையில் மிஞ்சும் நல்லெண்ணெயை ஆமையின் முதுகில் தடவிவிடுவார். அது பளபளவென்று மின்னும். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம், எவ்வளவு நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்பார்கள். மனிதருக்கு அதில் ஏகப் பெருமை.

"கவிதா, இங்க கொஞ்சம் வா. ஓடு மெத்துமெத்துன்னு இருக்குது."

நான் தோசைக் கரண்டியோடு போய் விரலால் அழுத்திப் பார்த்தேன். பின்பக்க ஓரம் உள்ளே போய்விட்டு மெல்ல மேலே வந்தது. பிளாஸ்டிக் டப்பா மூடி அமுங்குமே, அப்படி. ஆமை தலையை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை.

அதன் பெயர் பிஸ்கட். எங்கள் மகள் யாழினி வைத்த பெயர். அவளோடு படித்த ஒரு பெண்ணின் குடும்பம் வேறு மாநிலத்துக்கு மாறியபோது, கைக்குள் அடங்குகிற குட்டியாக இருந்ததைக் கேட்டு வாங்கி வந்துவிட்டாள். சல்காட்டா (ஆப்பிரிக்கப் புல்வெளியைச் சேர்ந்த, மிகப் பெரிதாக வளரும் தரை ஆமை) என்றாள். ஆமையை வீட்டுக்குள் சேர்த்தால் ஆகாது என்று ஊரிலிருந்து ஆளாளுக்கு வாட்ஸப்பில் பேசினார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் கவலை வேறு. இந்தப் பெண் கல்லூரிக்குப் போகும்போது இதை என் தலையில் கட்டிவிட்டுத்தான் போவாள் என்று எனக்குத் தெரியும். அப்படியேதான் நடந்தது. அவள் ஆஸ்டினுக்குப் போனாள். கண்ணாடித் தொட்டியும் விளக்கும் ஆமையும் எங்களிடம் நின்றன.

தலையில் கட்டியதுதான் என்றாலும் ஓர் உயிரைப் பட்டினி போடுகிற ஆள் நான் இல்லை. வீட்டிலிருந்தே டிபன் செய்து கொடுக்கிறவள். இந்த வட்டாரத்தில் பேச்சிலர் பையன்கள், பிள்ளை பெற்ற வீடுகள், முதுகுவலிக்காரர்கள் என்று என் கைச் சாப்பாட்டில் தேறியவர்கள் நிறைய. யாழினி போகும்போது, "ஜஸ்ட் கிராஸ் அண்ட் ஹே, அம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். புல்லும் வைக்கோலுமா? என் வீட்டில் ஒரு ஜீவன் வெறும் புல்லைத் தின்று கிடப்பதா? எனக்கு மனசு ஒப்பவில்லை.

எனவே கீரை. இந்தியன் ஸ்டோரில் பாலக் கட்டுக் கட்டாக வாங்கிவந்து, உப்பில்லாமல் வேகவைத்து, மசித்து, ஆறவைத்துக் கொடுத்தேன். அதன் மேல் ஒரு துண்டு வாழைப்பழம். பிஸ்கட் வாயெல்லாம் பச்சையாக்கிக்கொண்டு ரசித்துச் சாப்பிடும். குமரேசன் தன் பங்குக்கு இன்னொரு காரியம் செய்தார். தொட்டியைத் தெற்குப் பார்த்த ஜன்னலோரம் நகர்த்தினார். வெயில்தான் இவ்வளவு வருகிறதே, பகலில் எதற்கு விளக்கு என்று அதை அணைத்துவிட்டார். ஆளில்லாத அறையில் விளக்கெரிந்தால் அவருக்குத் தூக்கம் வராது.

சில மாதங்களில் பிஸ்கட் சோர ஆரம்பித்தது. நடக்கும்போது வயிறு தரையில் உரசியது. சாப்பாட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. உடம்பில் தெம்பில்லை என்றால் நாம் என்ன செய்வோம்? நான் கீரையைக் கூட்டினேன். அது இளைக்க இளைக்க, இன்னும் குழைவாக மசித்து இன்னும் கொஞ்சம் ஊட்டினேன்.

ஊர்வனவற்றைப் பார்க்கும் டாக்டர் ஒருவர் ரிச்சர்ட்சன் பக்கம் இருந்தார். வெள்ளைக்காரப் பெண்மணி, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார், பேச்சில் டெக்சாஸ் இழுவை. முதலில் பிஸ்கட்டைக் கையில் எடுத்தார். பிறகு தன் விரல்களை முகர்ந்து பார்த்தார். எண்ணெயா என்று கேட்டார். குமரேசன் தரையைப் பார்த்துக்கொண்டு, ஆமாம், ஆர்கானிக் என்றார்.

எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார்கள். எலும்பு வெள்ளையாகத் தெரியவேண்டிய இடமெல்லாம் புகை படிந்ததுபோல் இருந்தது. நோயின் பெயர் மெட்டபாலிக் போன் டிசீஸ் (உடம்பில் சுண்ணாம்புச் சத்து போதாமல் எலும்பும் ஓடும் இளகிப்போவது). ஆமைக்கு ஓடு என்பது மேலே மாட்டிய சட்டை இல்லை, அதன் முதுகெலும்பும் விலா எலும்பும் சேர்ந்ததுதான் ஓடு என்று டாக்டர் விளக்கினார். அது இளகினால் உள்ளே இருக்கும் எல்லாமே தள்ளாடும்.

என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, தினமும் கீரை என்றேன். பாராட்டுவார் என்றே நினைத்தேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பாலக்கில் ஆக்சலேட் (சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்து உடம்பில் சேரவிடாமல் செய்யும் பொருள்) அதிகம் என்றார். எப்போதாவது ஒரு இலை என்றால் பரவாயில்லை, தினமும் அதையே கொடுத்தால் எலும்புக்குப் போகவேண்டியது போகாது. ஜன்னல் கண்ணாடி வழியாக வெளிச்சமும் சூடும் வரும்; எலும்புக்கு உதவுகிற யுவிபி கதிர் (தோலில் பட்டு வைட்டமின் டி உண்டாக்கும் வெயிலின் பகுதி) வராது. அணைத்துவைத்த அந்த விளக்குதான் அதற்குச் சூரியன். எண்ணெயால் ஓட்டுக்கு ஒரு நன்மையும் கிடையாது, அழுக்கும் பூஞ்சையும் சேருவதுதான் மிச்சம்.

எனக்குக் கோபம் வந்தது, மறைப்பானேன். பிறந்ததிலிருந்து யாருக்கு என்ன வந்தாலும் கீரை சாப்பிடு என்றுதான் கேட்டு வளர்ந்திருக்கிறேன். கீரையைக் குறை சொல்கிற டாக்டரை என் ஆயுளில் அன்றுதான் பார்த்தேன். இந்த அம்மாவுக்கு ஆமையைத் தெரியும், கீரையைத் தெரியுமா என்று மனசுக்குள் பொருமினேன். ஆனால் எக்ஸ்ரே எதிரே ஒளிர்ந்துகொண்டிருந்தது.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். நோய் முற்றியிருக்கிறது, சிகிச்சை நீளும், பிழைக்கும் என்று உறுதி தரமுடியாது. துன்பம் வேண்டாமென்றால் ஊசி போட்டு அமைதியாகப் போகவிடுவதும் ஒரு வழி, அதில் தவறில்லை என்றார். குமரேசன் என்னைப் பார்த்தார். இருபத்தைந்து வருடத்தில் அவர் அப்படி விழித்து நான் பார்த்ததில்லை.

"நோ டாக்டர்," என்றேன். "டெல் மீ வாட் டு குக்."

அவர் முதன்முறையாகச் சிரித்தார். "நத்திங், ஹனி. நோ குக்கிங்."

நீங்களும் இப்படி ஓர் ஆமையை மடியில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால், முதல் சில வாரங்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டும். ஒன்றும் நடக்காது. மருந்து கொடுப்பீர்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் தாடை நனையாமல் உட்காரவைப்பீர்கள், புது விளக்கு மாட்டுவீர்கள், ஆமை கல்லாட்டம் கிடக்கும். மனிதர்களுக்கு வரும் காய்ச்சலை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இதன் உடம்புக்குள் எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும். கெட்டுப்போவதும் அப்படி, தேறுவதும் அப்படி.

கால்சியம் மருந்தைச் சொட்டுக் குழாயில் கொடுப்பது என் வேலை. டியூப் ஃபீடிங் (வாய் வழியாக மெல்லிய குழாயை இரைப்பைக்கு விட்டு உணவைச் செலுத்துவது) குமரேசனுடையது. டாக்டர் சொல்லிக்கொடுத்தபோது குழாயைத் தொடவே தயங்கினார். பிறகு கற்றுக்கொண்டார். சனிக்கிழமைகளில் தான் குளித்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவுவார். ஆமைப் பக்கம் போவதற்கு முன் என்னிடம் கையை நீட்டி, வாசம் வருகிறதா பார் என்பார்.

யாழினியிடம் போனில் சொன்னபோது அவள், "ஐ டோல்ட் யூ கிராஸ், அம்மா," என்றாள். அவ்வளவுதான். பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

என் சிநேகிதி ராஜி வந்து பார்த்துவிட்டு ஒரு யோசனை சொன்னாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கிற ஏரியில் விட்டுவிடு, அதுபாட்டுக்கு நீந்திப் பிழைத்துக்கொள்ளும், உனக்கும் புண்ணியம் என்றாள். தரை ஆமைக்கு நீந்தத் தெரியாது, ஏரியில் விட்டால் மூழ்கிச் சாகும் என்று நான் விளக்கியபோது அவள் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். இதை வாசிக்கிறவர்கள் யாரும் அந்தப் புண்ணியத்தைச் செய்துவிடாதீர்கள்.

மருந்தைவிடப் பெரிய மல்லுக்கட்டு சாப்பாட்டில்தான். குழாய் வழியாக எத்தனை நாள் ஓட்டமுடியும்? தானாக வாய் திறந்து தின்றால்தான் பிழைப்பு என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். நானோ குழைந்த கீரைக்கு அதைப் பழக்கிவைத்திருந்தேன். புல்லை எதிரே வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வைக்கோல் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. டான்டிலயன் என்று இங்கே புல்வெளியில் மஞ்சளாய்ப் பூக்கும் களைச்செடி அதற்கு அமுதம் என்றார்கள். அதற்காகவே குமரேசன் தோட்டத்தில் களைக்கொல்லி அடிப்பதை நிறுத்தினார். முன்பக்கம் களை தெரிந்தால்தான் இங்கே குடியிருப்பு அசோசியேஷன்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், பின்பக்கத்தை யார் எட்டிப் பார்க்கிறார்கள். பின்பக்கம் முழுக்க மஞ்சளாகப் பூத்தது. பிஸ்கட் அதையும் மிதித்துவிட்டுப் போனது.

ஊட்டத் தெரியாதவள் என்று என்னை இதுவரை யாரும் சொன்னதில்லை. ஒரு ஆமையிடமா தோற்பது? புல்லைப் பொரியலுக்கு அரிவதுபோலப் பொடியாக அரிந்தேன். சாமிக்கு வைப்பதற்காக வளர்த்த செம்பருத்தியிலிருந்து பூவைப் பறித்துக் கிள்ளிப் போட்டேன். அது ஆமைக்கு நல்லது என்று டாக்டரே சொல்லியிருந்தார். அதன் மேல் வாசனைக்குக் கீரைத் தண்ணீர் ஒரு சொட்டு தெளித்தேன். முதல் நாள் மோந்து பார்த்தது. அடுத்த நாள் செம்பருத்தி இதழை மட்டும் நக்கிவிட்டு விட்டுவிட்டது. எடை குறைந்துகொண்டே வந்தது. மாவு நிறுக்கிற தராசில் அதை வைத்து எடுத்து, நம்பாமல் மறுபடி ஒருமுறை வைத்துப் பார்ப்பேன்.

ஒரு நாள் கொத்தமல்லி வாங்க மெக்சிகன் கடைக்குப் போயிருந்தேன். காய்கறிகளுக்கு நடுவே, பச்சையாக, தட்டையாக, அடுக்கிவைத்திருந்தார்கள். சப்பாத்திக் கள்ளி. எங்கள் ஊர்ப்பக்கம் வேலியோரம் முளைத்தால் வெட்டி நெருப்பு வைக்கிற அதே கள்ளி. இங்கே அதைத் துடைத்துப் பளிச்சென்று விற்கிறார்கள், மெக்சிகன்காரர்கள் பொரியல் மாதிரி செய்து சாப்பிடுகிறார்கள். டாக்டர் கேக்டஸ் கொடுக்கலாம் என்று சொன்னது நினைவுக்கு வந்தது. கேக்டஸ் என்றால் ஏதோ கண்ணாடி வீட்டில் வளர்க்கிற அபூர்வச் செடி என்று நினைத்திருந்தேன். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

கண்ணுக்குத் தெரியாத பொடி முள் இருக்கும் என்று தெரியும். கத்தரிக்காய் சுடுவதுபோல கேஸ் அடுப்பில் லேசாக வாட்டி, தேய்த்துக் கழுவி, ஆறவைத்து, நீளவாட்டில் கீறினேன். வாட்டினேனே தவிர வேகவைக்கவில்லை. டாக்டர் என்னை மன்னிப்பார். குமரேசன் பின்பக்கப் புல்வெளியில் குடை விரித்து, மடிக்கணினியை முழங்காலில் வைத்துக்கொண்டு ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தார். பிஸ்கட் வெயிலில் இருக்கும்போது கூடவே ஒருவர் இருக்கவேண்டும். இங்கே பருந்து வரும், நெருப்பெறும்பு ஏறும். அந்தக் காவலை நாங்கள் மாற்றி மாற்றிப் பார்த்தோம்.

நான் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து கள்ளித் துண்டை அதன் மூக்கருகே நீட்டினேன். கண்ணைத் திறந்தது. கழுத்தை நீட்டியது. அப்புறம் வாயை அகலத் திறந்து ஒரு கடி கடித்தது. கறுக்கென்று சத்தம் கேட்டது. கொழகொழவென்ற பச்சைச் சாறு தாடையில் வழிய மென்றது. மறுபடி கடித்தது.

"ஏனுங்க," என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். மீட்டிங்கில் யாரோ இவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவர், "சாரி, மை டார்ட்டாய்ஸ் இஸ் ஈட்டிங்," என்று சொல்லிவிட்டு மடிக்கணினியைப் புல்லில் வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தத் துண்டு முழுவதும் தீரும்வரை நாங்கள் இரண்டு பேரும் அசையவில்லை. நான் வெட்கமில்லாமல் அழுதேன். எத்தனையோ பேருக்குப் பரிமாறியிருக்கிறேன், அந்தச் சாப்பாட்டுக்கு ஈடாக ஒன்றையும் சொல்லமாட்டேன்.

அதன்பின் கள்ளிக்குள் புல்லை ஒளித்துவைத்தேன். பிறகு புல் கூடிற்று, கள்ளி குறைந்தது. வெயில் காலம் முடிவதற்குள் தானாகவே தலையைக் குனிந்து மாடு மேய்வதுபோல் மேய்ந்தது. குழாயை எடுத்து வைத்துவிட்டோம். ஓட்டின் கட்டங்களுக்கு நடுவே வெளிறிய கோடுகள் தோன்றின. புது வளர்ச்சி அது. குமரேசன் காலையில் காபி குடிப்பதற்கு முன் ஓரத்தை அழுத்திப் பார்ப்பார். முன்பக்கம் முதலில் கெட்டியானது, பின்பக்கம் நெடுநாள் எடுத்துக்கொண்டது. ஒரு நாள் அவர் கட்டை விரல்தான் வளைந்தது, ஓடு வளையவில்லை.

எங்கள் இரண்டு பேருக்கும் இதில் ஒரு பலன் கிடைத்தது. எனக்கு வைட்டமின் டி குறைவு என்று என் டாக்டர் எப்போதோ சொல்லியிருந்தார். நான் அடுப்படியை விட்டால் கார், காரை விட்டால் கடை என்று இருந்தவள். பிஸ்கட்டுக்குக் காவல் உட்கார்ந்ததில் எனக்கும் வெயில் பட்டது, மாத்திரையையும் ஒழுங்காகப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தேன். ஆமைக்கும் எனக்கும் ஒரே நோய் என்றெல்லாம் கதை கட்டமாட்டேன். ஆனால் தரையில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுந்திருக்க என்னால் இப்போது முடிகிறது. எலும்பு என்பது எனக்கு முன்பெல்லாம் விழுந்தால் மட்டும் நினைவுக்கு வருகிற சங்கதி. இப்போது படியேறும்போது அது என்னைத் தாங்குவது எனக்குத் தெரிகிறது.

இலையுதிர்காலத்தில் டாக்டரிடம் மறுபடி போனோம். யாழினியும் லீவுக்கு வந்திருந்தாள். டாக்டர் பிஸ்கட்டை மேசையில் வைத்ததும் அது நான்கு கால்களையும் ஊன்றி, வயிற்றைத் தூக்கி, விறுவிறுவென்று மேசையின் விளிம்புக்கே நடந்துவிட்டது. அவர் தாவிப் பிடிக்கவேண்டியிருந்தது. எக்ஸ்ரேயில் எலும்பெல்லாம் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. ஓடு மேடுபள்ளமாகத்தான் இருக்கும், அந்தத் தழும்பு போகாது, ஆனால் நோய் போய்விட்டது என்றார். யாழினி அழுதுகொண்டே தன் அப்பாவைக் கட்டிக்கொண்டாள்.

அப்புறம் டாக்டர், வழக்கமாக எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் என்று ஒன்றைக் கேட்டார். இந்த வகை ஆமை நல்லபடியாக வளர்ந்தால் ஒரு மனிதர் ஆயுளுக்கு வாழும், கனம் இரண்டு அரிசி மூட்டையாகும். உங்களுக்குப் பிறகு இதை யார் பார்த்துக்கொள்வார்கள், யோசித்திருக்கிறீர்களா?

எங்களுக்குப் பிறகு. அந்தச் சொல்லை வேறு யார் சொல்லியிருந்தாலும் எனக்குச் சுருக்கென்றிருக்கும். அன்றைக்கு இனிப்பாக இருந்தது. இந்த வாரம் தாண்டுமா என்று கேட்டுக்கொண்டு அந்தக் கட்டிடத்துக்குள் போனவள், நான் இல்லாத காலத்தில் இதற்கு யார் புல் போடுவது என்று சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். யாழினி தான்தான் என்றாள். குமரேசன், உனக்கே அப்போது எழுபது எண்பது ஆகிவிடுமே என்றார். அவளுடைய பிள்ளைகள் என்றேன். அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று அப்பாவும் மகளும் சேர்ந்து என்மேல் பாய்ந்தார்கள். கார் முழுக்க ஒரே சிரிப்பு. பிஸ்கட் பெட்டிக்குள் வைக்கோலைக் கடித்துக்கொண்டிருந்தது.

நான் எப்போதும் அடுத்த வேளைச் சாப்பாட்டுக்குள் வாழ்ந்தவள். மாவு எப்போது புளிக்கும், சாம்பார் எப்போது கொதிக்கும், அவ்வளவுதான் என் காலம். இப்போது ஐம்பது வருடம், அறுபது வருடம் என்று சர்வசாதாரணமாக யோசிக்கிறேன்.

போன வாரம் நர்சரிக்குப் போய் ஒரு மல்பெரிக் கன்று வாங்கினோம். அதன் இலை ஆமைக்கு நல்ல தீனி, பெரிய உடம்புக்கு நிழலும் வேண்டும். விற்கிறவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இது அகலமாகப் படர்ந்து நல்ல நிழல் தர வருடக்கணக்கில் ஆகும், சீக்கிரம் நிழல் வேண்டுமென்றால் வளர்ந்த மரமாகக் காட்டட்டுமா என்று கேட்டார்.

பரவாயில்லை, எங்கள் வீட்டில் ஒருவருக்கு நிறைய நேரம் இருக்கிறது என்றேன்.